மின்வாசிப்பானா, அச்சு நூலா? மட்டக்களப்பு, அம்பாறை வாசகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஆரையம்பதியில் மாதம் ஒருமுறை கூடும் எமது வாசகர் வட்டத்துக்கு வருகின்றவர்கள், அண்மைக் காலமாக எந்த நூலை வாசிப்பது என்பதைக் காட்டிலும் எதில் வாசிப்பது என்பதையே அதிகம் கேட்கின்றார்கள். வெளிநாட்டிலுள்ள உறவினர் ஒருவர் கருவி வாங்கி அனுப்பவா என்று கேட்டிருப்பார். உயர்தரம் படிக்கும் பிள்ளைக்கு அது உதவுமா என்று தாய் யோசிப்பார். ஓய்வுபெற்ற ஆசிரியருக்குச் சிறிய எழுத்து தெரியாமல் போகத் தொடங்கியிருக்கும். அந்தக் கேள்விகளையும், இரண்டு வடிவங்களிலும் பல ஆண்டுகளாக வாசித்து வருபவன் என்ற முறையில் நான் சொல்லிவருகின்ற விடைகளையும் இங்கே எழுதியுள்ளேன்.

மின்வாசிப்பான் என்பது என்ன? கைத்தொலைபேசியில் வாசிப்பதற்கும் அதற்கும் என்ன வேறுபாடு?

மின்வாசிப்பான் நூல் வாசிப்பதற்கென்றே செய்யப்பட்ட கருவியாகும். அதன் திரையில் மிக நுண்ணிய குமிழ்கள் நிறைந்திருக்கின்றன. ஒவ்வொரு குமிழுக்குள்ளும் தெளிந்த திரவத்தில் கறுப்புத் துகள்களும் வெள்ளைத் துகள்களும் எதிரெதிர் மின்னேற்றத்துடன் மிதக்கின்றன. கருவி மின்புலத்தை மாற்றும்போது ஒருவகைத் துகள் மேலே வர, மற்றையது கீழே இறங்குகின்றது. அவ்வாறே எழுத்து உருவாகின்றது. உருவான எழுத்து அப்படியே நிற்பதற்கு மின்சாரம் தேவையில்லை, பக்கத்தைப் புரட்டும்போதுதான் தேவை. ஒருமுறை மின்னேற்றினால் வாரக்கணக்கில் பாவிக்க முடிவது இதனாலேயே.

மின்மை (ஈ-இங்க்) எனப்படும் இத்தொழில்நுட்பத்துக்கான நிறுவனம் 1997 இல் அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் மாநிலத்தில் தொடங்கப்பட்டது. சோனி நிறுவனம் 2004 இல் யப்பானில் முதல் வணிகக் கருவியை வெளியிட்டது. அமேசனின் கிண்டில் 2007 நவம்பரில் 399 டொலருக்கு விற்பனைக்கு வந்த பிறகே இது உலகெங்கும் பேசப்படும் பொருளாயிற்று.

கைத்தொலைபேசி கண்ணை நோக்கி ஒளியை வீசுகின்றது. மின்வாசிப்பானோ காகிதத்தைப் போல, மேலே விழும் ஒளியைத் திருப்பி அனுப்புகின்றது. கல்லடிக் கடற்கரையில் பகல் வெயிலில் தொலைபேசித் திரை மங்கிப்போகும் இடத்தில் மின்வாசிப்பானின் எழுத்து மேலும் தெளிவாகத் தெரியும். ஆயினும் எனக்குப் பெரிதாகப்படும் வேறுபாடு அழைப்பும் குறுஞ்செய்தியும் அதில் வருவதில்லை என்பதுதான். அரை மணித்தியாலம் இடையறாது வாசிக்க முடியாமல் தவிக்கும் பலருக்கு இதுவே போதிய காரணமாக இருக்கக்கூடும்.

கண்ணுக்கு எது நல்லது?

பகலில் மின்வாசிப்பானுக்கும் அச்சு நூலுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாட்டை நான் உணர்ந்ததில்லை. இரவில் மின்வாசிப்பானின் முன்விளக்கு திரையின் ஓரத்திலிருந்து எழுத்தின் மீது பாய்வதால் அது தொலைபேசி ஒளியைப் போல் உறுத்துவதில்லை. தூக்கத்தைப் பற்றி 2015 இல் வெளியான, 12 பேரைக் கொண்டு செய்யப்பட்ட ஓர் ஆய்வு அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகின்றது. இரவில் ஒளிவீசும் திரையில் வாசித்தவர்களுக்குத் தூக்கம் பிந்தியது என்று அது கண்டது. ஆனால் அவர்கள் வாசித்தது ஐபேட்டில். எனவே அந்த முடிவை மின்மைத் திரைக்கு அப்படியே பொருத்துவது சரியாகாது.

முதியோருக்கு எழுத்தின் அளவுதான் முக்கியம். நமது அச்சு நூல்கள் பலவற்றில், செலவைக் குறைப்பதற்காக எழுத்தைச் சிறுக்கி வரிகளை நெருக்கி அச்சிடும் வழக்கம் உள்ளது. வாசிப்பதை விட்டுவிட்டேன் என்று சொன்ன எழுபது வயது ஆசிரியை ஒருவர், எழுத்தைப் பெருப்பித்துக் கொடுத்தபோது ஒரே கிழமையில் ஒரு நாவலை முடித்துவிட்டு வந்தார். பெரிய எழுத்தில் அச்சிட்ட தமிழ் நூல்கள் எளிதில் கிடைக்காத வரை, இந்த ஒரு விடயத்தில் கருவிக்கு ஈடில்லை என்றே சொல்வேன்.

தமிழ் எழுத்து ஒழுங்காகத் தெரியுமா?

இதுவே வாங்குவதற்கு முன் கேட்க வேண்டிய முதற் கேள்வி. ஆங்கில வாசகருக்காக எழுதப்படும் மதிப்புரைகளில் இதற்கு விடை கிடைக்காது. அமேசன் 2016 இறுதியில் தமிழ் உள்ளிட்ட ஐந்து இந்திய மொழி நூல்களைத் தனது கடையில் சேர்த்தது. அதன் பின் வந்த கிண்டில் கருவிகளில் தமிழ் நன்றாகவே தெரிகின்றது. வேறு கருவிகளை வாங்குவோர் ஒரு தமிழ்க் கோப்பை அதில் இட்டுப் பார்த்துவிட்டுப் பணம் கொடுப்பது நல்லது. ‘கொ’, ‘கோ’, ‘கௌ’ ஆகியவற்றைப் பாருங்கள். கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் தனியே புள்ளி வட்டத்தோடு நின்றால், அந்தக் கருவிக்குத் தமிழ் எழுத்துகளைக் கோக்கத் தெரியவில்லை என்று பொருள். சில கருவிகளில் வேறு எழுத்துருவைச் சேர்த்தால் இது சரியாகும். சிலவற்றில் எதைச் செய்தாலும் சரியாகாது.

இலங்கையில் இன்னுமொரு சிக்கல் உண்டு, அது பாமினி. இங்குள்ள அச்சகங்களும் பாடசாலைகளும் அலுவலகங்களும் நெடுங்காலமாகப் பாமினி எழுத்துருவிலேயே தட்டச்சுச் செய்து வந்திருக்கின்றன. அந்த எழுத்துருவில் கணினி உண்மையில் சேமித்து வைப்பது ஆங்கில எழுத்துகளையே. எழுத்துரு அவற்றின் மீது தமிழ் உருவத்தைப் போர்த்துகின்றது. அவ்வாறான கோப்பை மின்வாசிப்பானுக்கு ஏற்ற வடிவுக்கு மாற்றும்போது போர்வை விலகி, பக்கம் முழுவதும் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகிவிடுகின்றது. கருவி பழுதென்று எண்ணித் திருப்பிக் கொடுக்கப் போனவர்கள் உண்டு. கோப்பை முதலில், தமிழ் எழுத்துகளைத் தமிழாகவே சேமிக்கும் யூனிகோட் முறைக்கு மாற்ற வேண்டும். அதற்கான மாற்றிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. மாற்றியபின் ஒருமுறை முழுவதையும் வாசித்துத் திருத்துவதும் அவசியம். நூல் வெளியிடும் நம் எழுத்தாளர்கள், அச்சகத்துக்குக் கொடுக்கும் பிரதியை யூனிகோட்டிலும் ஒன்று தம்மிடம் வைத்துக்கொள்வார்களாயின், பிற்காலத்தில் எவ்வளவோ உழைப்பு மிஞ்சும்.

சொல்லைத் தொட்டால் பொருள் காட்டும் அகராதி வசதி, தமிழில் எதிர்பார்க்கும் அளவுக்குப் பயன் தருவதில்லை. அகராதியில் ‘வீடு’ இருக்கும். நூலில் இருப்பதோ ‘வீட்டிலிருந்தவர்களுக்கு’. வேற்றுமையும் விகுதியும் ஒட்டி நீளும் நம் சொற்களைப் பிரித்தறியாமல் கருவி வெறுங்கையுடன் திரும்பிவிடும்.

ஈழத்து நூல்கள் மின்வடிவில் கிடைக்கின்றனவா?

கிடைக்கின்றன, ஆனால் கடையில் அல்ல. கிண்டில் கடையிலுள்ள தமிழ் நூல்களில் மிகப் பெரும்பாலானவை தமிழ்நாட்டு நூல்கள். நம் பகுதியில் எழுதப்பட்டவற்றுக்கு 2005 இல் தொடங்கப்பட்ட நூலகம் இணையத்தளமே முதல் வாசல். ஈழத்து நூல்கள், சஞ்சிகைகள், கோயில் மலர்கள், பாடசாலை மலர்கள் ஆகியவற்றின் வருடிய (ஸ்கேன் செய்த) பக்கங்களை அங்கே கட்டணமின்றிப் பெறலாம். பழந்தமிழ் இலக்கியங்களுக்கு 1998 இல் தொடங்கிய மதுரைத் திட்டம் உண்டு. அதில் நூல்கள் தட்டச்சுச் செய்யப்பட்ட எழுத்தாகவே உள்ளமையால் கருவியில் எழுத்தின் அளவை விருப்பம்போல் மாற்றலாம்.

வருடிய பக்கங்களோ படங்கள். அவற்றில் எழுத்தை மட்டும் பெருப்பிக்க முடியாது. ஆறு அங்குலக் கருவியின் திரை ஏறத்தாழ 3.6 அங்குல அகலமும் 4.8 அங்குல உயரமும் கொண்டது. ஐந்தரைக்கு எட்டரை அங்குலப் பக்கத்தை அதற்குள் அடக்கினால் எழுத்து அசலில் அறுபது வீதத்துக்கும் குறைந்துவிடும். கருவியைப் பக்கவாட்டில் திருப்பி, பக்கத்தை இரண்டு பகுதிகளாக வாசித்தால் எண்பத்தைந்து வீதத்துக்கு மேல் வரும். ஓரத்து வெற்றிடத்தை வெட்டிவிட்டால் இன்னும் நெருங்கும். பழைய உள்ளூர் நூல்களையே முக்கியமாக வாசிக்க விரும்பும் ஆய்வாளர்களும் ஆசிரியர்களும், விலை கூடினாலும் பத்து அங்குலக் கருவியை நாடுவதே தகும். காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகளின் யாழ் நூல் போன்று கணக்கும் அட்டவணையும் நிறைந்த ஒரு நூலைச் சிறிய திரையில் வாசிக்க முயன்றால், ஒரு பக்கத்திலுள்ள விளக்கத்தையும் மறுபக்கத்து அட்டவணையையும் ஒருங்கே பார்க்க இயலாமல் அலுத்துப் போவீர்கள். அவ்வகை நூலுக்கு அச்சுப் பிரதிதான் வேண்டும்.

செலவை எப்படிக் கணக்கிடுவது?

அடிப்படைக் கிண்டிலின் 2024 ஆம் ஆண்டுப் பதிப்பு அமெரிக்காவில் 110 டொலர் அளவில் அறிமுகமானது. டொலருக்கு 300 ரூபாய் என்று கொண்டால் 33,000 ரூபாய். கொழும்பு இறக்குமதியாளரிடம் வாங்கினால் அவரது செலவும் இலாபமும் இதற்கு மேல் சேரும். ஓர் அச்சு நூல் 1,000 ரூபாய் என்று வைத்தால், கருவியின் விலைக்கு 33 நூல்கள் வாங்கலாம். ஆண்டுக்கு நான்கைந்து நூல்கள் வாசிப்பவருக்கு இது வீண் செலவே. பொது நூலகத்தில் அங்கத்தவராவது அதைவிட மேல். மாதம் மூன்று நான்கு நூல்கள் வாசித்து, அவற்றுள் பாதியை இலவசத் தளங்களிலிருந்து எடுப்பவருக்கு இரண்டாம் ஆண்டுக்குள் செலவு ஈடாகிவிடும்.

உயர்தர மாணவருக்கு வாங்கிக் கொடுக்கலாமா?

பாடப் படிப்புக்காக மட்டும் என்றால் வேண்டாம் என்றே பெற்றோரிடம் கூறுகின்றேன். 2018 இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, 2000 முதல் 2017 வரை செய்யப்பட்ட 54 ஆய்வுகளை, அதாவது 1,70,000 க்கும் மேற்பட்ட வாசகர்களைப் பற்றிய முடிவுகளை, ஒன்றாகச் சேர்த்து நோக்கியது. திரையில் வாசித்தவர்களைவிடக் காகிதத்தில் வாசித்தவர்கள் கூடுதலாக விளங்கிக்கொண்டனர் என்றும், தகவல் நிறைந்த பகுதிகளிலும் நேர நெருக்கடியிலும் இவ்வேறுபாடு தெளிவாகத் தெரிந்தது என்றும் அது கண்டது. கதை வாசிப்பில் அத்தகைய வேறுபாடு தென்படவில்லை. அவ்வாய்வுகளில் கணினித் திரைகளும் அடங்கும் என்பதை மறக்கக் கூடாது. எனினும் தகவலும் நேர நெருக்கடியும் சேர்ந்ததுதானே பரீட்சைப் படிப்பு.

கிண்டிலை மட்டும் எடுத்துச் சோதித்த ஆய்வொன்று 2019 இல் நோர்வேயைச் சேர்ந்த ஆன் மாங்கன் தலைமையில் வெளியானது. ஐம்பது பேர் 28 பக்கக் கதையொன்றை வாசித்தனர். பாதிப் பேர் அச்சில், பாதிப் பேர் கிண்டிலில். பெரும்பாலானவற்றில் இரு சாராரும் ஒத்திருந்தனர். ஆனால் நிகழ்ச்சிகள் எந்த வரிசையில் நடந்தன என்று கேட்டபோது அச்சில் வாசித்தவர்களே சிறப்பாக விடையளித்தனர். எவ்வளவு முடிந்தது, எவ்வளவு மிச்சம் என்பதை நூலின் இரு பக்கத் தடிப்பையும் பிடித்திருக்கும் கைகள் அறிந்துகொண்டே இருப்பது இதற்குக் காரணமாகலாம். அந்த விவரம் இடப்பக்கத்தில் கீழே இருந்தது என்று நினைவுகூர்ந்து புரட்டுகின்ற பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு. எழுத்தின் அளவை மாற்றும்போதெல்லாம் பக்கம் மாறும் கருவியில் அந்தப் பிடி கிடைப்பதில்லை.

கடந்தகால வினாத்தாள்கள் பெரும்பாலும் பெரிய தாளில் அமைந்த கோப்புகள். ஆறு அங்குலத்தில் அவை பயன்படா. இலக்கியம், வரலாறு ஆகிய பாடங்களுக்குத் துணை நூல்கள் வாசிப்பதற்கும், ஆங்கில வாசிப்பைப் பழகுவதற்கும் கருவி உதவும். ஆங்கிலத்தில் சொல்லைத் தொட்டால் பொருள் உடனே வரும் என்பதால், ஆங்கில நூலைப் பார்த்தாலே ஒதுங்கும் பிள்ளைகள் அதனூடாகத் துணிவு பெறுவதை நேரில் கண்டிருக்கின்றேன்.

சிறு பிள்ளைகளுக்கு?

அச்சு நூல்தான். படமும் நிறமும் பெரிய பக்கமும் வேண்டிய வயது அது. நிற மின்மைத் திரைகள் வந்துவிட்டன என்றாலும் அவற்றின் நிறம் அச்சின் நிறத்துக்குக் கிட்டவும் வராது. நிறப் படத்தின் துல்லியம் கறுப்பு வெள்ளையின் பாதியே. தாயின் மடியில் இருந்து பிள்ளை தானே பக்கத்தைப் புரட்டட்டும்.

பணம் கொடுத்து வாங்கிய மின்நூல் எனக்குச் சொந்தமா?

பெரும்பாலும் இல்லை. நீங்கள் வாங்குவது வாசிக்கும் அனுமதியை மட்டுமே. அமேசன் 2009 யூலையில், உரிமைச் சிக்கல் காரணமாக, ஜோர்ஜ் ஓர்வெலின் இரண்டு நூல்களை வாங்கியவர்களின் கருவிகளிலிருந்தே நீக்கிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. பின்னர் அதற்காக மன்னிப்பும் கேட்டது. மைக்ரோசொப்ட் 2019 இல் தனது மின்நூல் கடையை மூடியபோது, பணம் திரும்பக் கிடைத்தது, நூல்கள் போய்விட்டன. கிண்டிலில் வாங்கிய நூலைக் கணினிக்கு இறக்கி வைத்துக்கொள்ளும் வசதியும் 2025 பெப்ரவரியில் நிறுத்தப்பட்டது. ஆகவே நீங்களே பெற்ற, ஈபப் எனும் பொது மின்நூல் வடிவிலுள்ள கோப்புகளைக் கணினியிலும் வெளி வன்தட்டிலும் படியெடுத்து வையுங்கள். 2022 முதல் ஈபப் கோப்புகளைக் கிண்டிலுக்கும் அனுப்பலாம்.

இரவல் கொடுப்பதிலும் இதே குறை. ஒரு நல்ல அச்சு நூல் இங்கே ஐந்தாறு வீடுகளுக்குப் போய், அட்டை கிழிந்து, ஓரத்தில் யாரோ எழுதிய குறிப்புடன் திரும்பி வரும்; சிலவேளை வராமலும் போகும். இங்கே முந்நூறோ ஐந்நூறோ பிரதிகள் அச்சாகும் ஒரு கவிதைத் தொகுப்பு அதைவிடப் பல மடங்கு வாசகரைச் சென்றடைவது இவ்வழியில்தான். அந்த ஓட்டம் நின்றுவிடக் கூடாது என்பதற்காகவே, நம் பகுதி எழுத்தாளரின் புதிய நூலை நான் எப்போதும் அச்சில் வாங்குகின்றேன்.

மழைக்கும் வெள்ளத்துக்கும் உப்புக் காற்றுக்கும் எது தாங்கும்?

இரண்டுமே தாங்கா, ஆனால் தாங்காத விதம் வேறு. 1978 நவம்பர் 23 இரவுச் சூறாவளியில் கூரையோடு போன நூல்களைப் பற்றி மூத்தவர்கள் இன்றும் சொல்வார்கள். 2004 டிசம்பர் 26 இல் நாவலடி தொடக்கம் கல்முனை, திருக்கோவில், பொத்துவில் வரை கடலோர வீடுகளில் இருந்த கையெழுத்துப் பிரதிகளும் குடும்பக் குறிப்பேடுகளும் நூல் அலுமாரிகளும் கடலோடு போயின. 2024 நவம்பர் வெள்ளத்திலும் இரு மாவட்டங்களிலும் வீடுகளுக்குள் நீர் புகுந்தது. இவை போதாதென்று கறையானும் இராமபாணப் பூச்சியும் வடகீழ்ப் பருவ மழைக்காலப் பூஞ்சணமும் ஆண்டுதோறும் தம் பங்கை எடுத்துக்கொள்கின்றன.

கருவி தொலைந்தாலும் நூல் தொலையாது என்பது மின்வடிவின் பெரும் பலம், கோப்பு வேறோர் ஊரிலும் இருக்கும் வரை. வெள்ள எச்சரிக்கை வந்தால் முந்நூறு நூல்களைப் பரணில் ஏற்றுவது கடினம்; கருவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு புறப்படலாம். நீர்காப்புடைய கிண்டில் வகைகள் நன்னீரில் இரண்டு மீற்றர் ஆழத்தில் ஒரு மணித்தியாலம் தாங்கும் என்று தயாரிப்பாளர் கூறுகின்றார். கடல்நீரில் கால் மீற்றர் ஆழத்தில் மூன்று நிமிடம் மட்டுமே. உப்பு நீர் பட்டால் நன்னீரால் கழுவி, முற்றாக உலர்ந்த பிறகே மின்னேற்ற வேண்டும். திரையின் உட்புறம் மெல்லிய கண்ணாடி என்பதால், நெருக்கமான பேருந்தில் பைக்குள் அழுத்தம் பட்டாலே உடைந்துவிடக்கூடும். உடைந்த திரையை இங்கே மாற்றுவது புதிதாக வாங்குவதற்குச் சமம். தடித்த உறை கட்டாயம்.

நூல் நனைந்துவிட்டால் வெயிலில் போடாதீர்கள். தாள் நெளியும், அட்டை வளையும். நீரை ஒற்றியெடுத்து, பக்கங்களுக்கிடையே நீரை உறிஞ்சும் வெற்றுத் தாள்களை வைத்து மாற்றிக்கொண்டே, நிழலில் மின்விசிறிக் காற்றில் நிறுத்தி உலர்த்துங்கள். இரண்டு நாளுக்குள் பூஞ்சணம் தொடங்கிவிடும். அதற்குள் எல்லாவற்றையும் கவனிக்க இயலாதாயின், அரிய நூல்களைப் பொலித்தீன் பையில் இட்டுக் குளிரூட்டியின் உறைபெட்டியில் வைத்து, பிறகு ஒவ்வொன்றாக எடுத்து உலர்த்தலாம்.

மின்வெட்டில் என்ன செய்வது?

2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் இல்லாதிருந்தபோது, முன்விளக்குள்ள மின்வாசிப்பானே எனக்கு இரவில் துணையாயிற்று. இதில் அச்சு நூலே பின்தங்கியது.

கோயிலிலும் வீட்டிலும் ஓதும் நூல்களுக்குக் கருவி பொருந்துமா?

தனியாகப் பொருள் உணர்ந்து வாசிப்பதற்குப் பொருந்தும். சபையில் பாடுவதற்குப் பொருந்தாது என்பது என் கருத்து. வைகாசித் திருக்குளிர்த்திச் சடங்குக் காலத்தில் கண்ணகி கோயில்களில், அம்மன் கதையைச் சொல்லும் வழக்குரைக் காவியத்தைப் படிக்கும்போது, ஒருவர் படிக்க மற்றவர் எட்டிப் பார்த்துத் தொடர்வார். அதற்குப் பெரிய பக்கம் வேண்டும். காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் உள்ள நண்பர்கள், குர்ஆனின் தமிழ் விளக்கவுரையைக் கருவியில் வாசித்தாலும் ஓதுவதற்கு அரபு மூலப் பிரதியான முஸ்ஹபையே எடுப்பதாகச் சொல்கின்றார்கள்.

வீட்டிலுள்ள பழைய உள்ளூர் நூல்களை நானே மின்வடிவாக்கலாமா?

ஆக்கலாம், ஆக்கவும் வேண்டும். யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981 இல் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. அவற்றுள் வேறெங்கும் பிரதியில்லாதவை மீளவே இல்லை. மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் அவ்வாறு ஒரேயொரு பிரதியாக வீட்டு அலுமாரியில் இருப்பவை பல: கோயில் கும்பாபிஷேக மலர், கூத்துப் பிரதி, வைத்தியக் குறிப்பு, ஊர்ச் சங்கத்தின் ஆண்டறிக்கை.

முதுகு உடையும்படி நூலை அழுத்தி விரிக்காமல், தொண்ணூறு பாகை அளவில் திறந்து வைத்து, சாளரத்து ஒளியில் ஒவ்வொரு பக்கமாக நேர்மேலிருந்து படமெடுக்கலாம். வருடுபொறி (ஸ்கேனர்) உங்களிடம் இருந்தால் அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற அளவில் வையுங்கள். அட்டை, உள் அட்டை, கையெழுத்திட்ட பக்கம், விளம்பரப் பக்கம் எதையும் விட்டுவிட வேண்டாம். அச்சகத்தின் பெயரும் ஆண்டும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். பொதுவெளியில் பகிர்வதற்கு முன் உரிமையைப் பாருங்கள். 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, ஆசிரியர் இறந்து 70 ஆண்டுகள் வரை பதிப்புரிமை உண்டு. 1947 இல் மறைந்த விபுலாநந்தரின் எழுத்துகளுக்கு அக்காலம் கடந்துவிட்டது. அண்மைக் காலத்தவருக்கு அவரது குடும்பத்தாரின் எழுத்து மூல அனுமதி தேவை. கேட்டால் பெரும்பாலானோர் மகிழ்ந்து தருவார்கள். அனுமதி கிடைத்ததும் ஒரு படியை மேலே சொன்ன நூலகம் இணையத்தளத்தாருக்கு அனுப்பி, ஒன்றை வெளியூரிலுள்ள உறவினரிடம் கொடுத்து வையுங்கள். படமெடுத்து முடிந்ததென்று அச்சுப் பிரதியைப் பழைய கடதாசிக்காரரிடம் போட்டுவிடாதீர்கள். வேப்பிலையோடு துணியில் சுற்றி, நிலத்திலிருந்து நாலடிக்கு மேலான தட்டில் வையுங்கள்.